கழற்றச் சொல்லாத சட்டை

புளியங்குடியில் எலுமிச்சம்பழ மண்டி வைத்திருக்கும் ஆவுடையப்பனின் குடும்பத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்கிற குடும்பம். சிரமமே அதில்தான். போன வருஷம் ஆவுடையப்பனின் அக்கா செண்பகவல்லிக்குக் கணுக்கால் சுளுக்கியபோது, ஒரு வாரத்துக்குக் காலைக் கீழே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு நாளும் அந்த அம்மா சுவரோரம் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். சோறு ஊட்டியது தம்பி பெண்டாட்டி உலகம்மாள்.

இந்த உலகம்மாளுக்குத்தான் கடல் ஆசை. திருச்செந்தூரில் எத்தனையோ தடவை கடலைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அதெல்லாம் கடலின் ஓரம், நடுக்கடலை இன்னும் பார்க்கவில்லையே என்பது அவள் குறை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் புருஷனிடம் அவள் கேட்டது இது ஒன்றுதான். அதனால் ஆவுடையப்பன், சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி மூன்று நாள் கடலில் போகும் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில் நான்கு பேருக்கு இடம் போட்டார். நாலாவது ஆள் உலகம்மாளின் தம்பி திருமலைக்குமார். பி.காம். படித்தவன், இங்கிலீஷ் புரியும் என்பதால் அவனும் வந்தான்.

கப்பலுக்குப் பதினோரு மாடி. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் ஆளுக்கொரு தம்ளர் பழரசம் கொடுத்து, இதை உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க என்றாள்.

ஆவுடையப்பன் பழரசத்தைக் குடித்தார், வாயைத் துடைத்தார், அப்படியே நினைத்துக்கொண்டார். நம் வீட்டுக்கு நாலு பேர் வந்தால் வாசலில் நின்று வாங்க என்று கூப்பிட வேண்டாமா? பின்னால் ஏறியவர்களை எல்லாம் கும்பிட்டு வரவேற்றார். ஏறியவர்கள் ஆயிரத்து எண்ணூறு பேர். சாப்பாடு ஆச்சா, பிரயாணம் சௌகரியமா என்று ஒருவர் விடாமல் விசாரித்தார். பாதிப் பேர் அவரைக் கப்பல் முதலாளி என்றே நம்பினார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், தன் அறைக் குழாயில் வெந்நீர் வரவில்லை என்று புகார் சொன்னார். ஆவுடையப்பன் நேரில் போய்ப் பார்த்து, ஆமாம், வரவில்லை என்று உறுதி செய்துவிட்டு வந்தார்.

சாயங்காலம், கப்பல் கிளம்பும் முன்னால் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. தமிழ் பேசுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஜெனிட்டா என்று ஒரு தூத்துக்குடிப் பெண் வந்தாள். கழுத்தில் பச்சைத் துணி கட்டியிருந்தாள். ஆபத்தில் போட்டுக்கொள்கிற மிதவைச் சட்டையை எல்லோருக்கும் கொடுத்தாள். நல்ல ஆரஞ்சு நிறம், தலையணை மாதிரி கனம், தோளில் ஒரு சின்ன விசில். அவசரத்துக்கு மட்டும் விசில் ஊதணும் என்றாள். வார்களை இழுத்து மாட்டிவிட்டு, "நான் சொல்ற வரைக்கும் யாரும் இதைக் கழட்டக் கூடாது, சரியா?" என்றாள்.

நால்வரும் சரி என்றார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ ஜெனிட்டாவைக் கூப்பிட, அவள் ஓடிப்போனாள். ஒலிபெருக்கி இங்கிலீஷில் என்னவோ சொன்னது. மற்ற எல்லோரும் சட்டையைக் கழற்றினார்கள்.

பயிற்சி முடிந்தது என்று சொல்கிறான் என்றான் திருமலைக்குமார். முடியட்டும், நல்லதுதான், ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் சொல்லவில்லையே என்றார் ஆவுடையப்பன். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

மிதவைச் சட்டையோடே சாப்பிடப் போனார்கள். தட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், நடுவில் சட்டை. இட்லியைக் கண்ணால் பார்க்க முடியாததால், செண்பகவல்லி தம்பியின் தட்டைப் பார்த்துத் தன் தட்டில் எடுத்துச் சாப்பிட்டாள். தம்பி அக்காள் தட்டைப் பார்த்துக்கொண்டார். ராத்திரி மல்லாந்து படுத்தால் சட்டை முகவாயில் இடித்தது. கவிழ்ந்து படுத்தால் கையும் காலும் மெத்தையில் எட்டவில்லை. இருந்தாலும் கப்பலில் வந்த பிறகு இதெல்லாம் பார்த்தால் முடியுமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அறையில் இன்னொரு அதிசயம். அறையைச் சுத்தம் செய்கிற ஆள், வெள்ளைத் துண்டை யானை மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்திருந்தான். வந்த அன்றைக்கே பிள்ளையார் என்று உலகம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குக் குங்குமம் வைத்து, ஒரு வாழைப்பழம் படைத்தாள். சட்டை கழற்றாமல் தலைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாமியில் துடைக்கலாமா என்று நால்வரும் தலையைப் புடவையிலும் வேட்டியிலும் துவட்டிக்கொண்டார்கள். மறுநாள் அதே ஆள் குங்குமம் பட்ட துண்டை மாற்றிக் குரங்கு செய்துவைத்தான். உலகம்மாள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வடை வாங்கி வந்து அதற்கு மாலை கட்டினாள். அவனும் இவர்களுக்கு விளையாட்டுப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

வினை இரண்டாம் நாள் பகலில் வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஐந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். செண்பகவல்லிக்குத் திடீரென்று ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போனாள், கதவு சமையலறைக்குத் திறந்தது. இந்தப் பக்கம் போனாள், நீச்சல் குளம் வந்தது. யாரிடமும் கேட்கக் கூச்சம். அவசரமோ அவசரம். அப்போதுதான் ஜெனிட்டா சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. நல்லவேளை, இதற்கென்றே ஒன்றைத் தோளில் கட்டிவிட்டிருக்கிறார்களே என்று நிம்மதியாக விசிலை எடுத்து ஊதினாள்.

மூன்று மாடியிலிருந்து சிப்பந்திகள் ஓடி வந்தார்கள். இருவர் கையில் ஸ்ட்ரெச்சர், ஒருவர் கையில் மிதவை வளையம். செண்பகவல்லி தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் அவளை முன்னே பின்னே சூழ்ந்து, அதே வேகத்தில் கழிப்பறைக்கு அழைத்துப்போனார்கள்.

வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: விசில் சத்தம், ஓட்டம், நேற்றிலிருந்து மிதவைச் சட்டையைக் கழற்றாமல் இருக்கும் நாலு பேர். கப்பல் முதலாளியே போட்டுக்கொண்டிருக்கிறார், நமக்குத்தான் சொல்லவில்லை என்றார் வெந்நீர் வராத கோயம்புத்தூர்க்காரர். அடுத்த அரை மணிக்குள் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அறைக்கு ஓடிப்போய் ஆரஞ்சுச் சட்டையோடு திரும்பினார்கள். கீழ்த்தளத்தில் ஓட்டை என்று ஒருவர் சொன்னார். ஒரு ஓட்டை இல்லை, இரண்டு என்றார் இன்னொருவர். ஆயிரத்து எண்ணூறு பேரும் மேல்தளத்துக்கு வந்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். சிலர் வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

ஆவுடையப்பனுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. சொன்னால் கேட்கிற ஜனங்கள், கொஞ்சம் தாமதமாகப் புரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று மச்சினனிடம் சொன்னார்.

கேப்டன் ததேயுஸ் குளச்சல்காரர். இருபத்தேழு வருஷம் கடலில் கழித்தவர். கப்பலுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று அவர் ஒலிபெருக்கியில் மூன்று பாஷையில் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அந்த நாலு பேரும் கழற்றட்டும், அப்புறம் நாங்கள் கழற்றுகிறோம் என்று கூட்டம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது. தளத்தின் ஒரு பக்கமாகவே எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். படியில் இருவர் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள். ஒரு ஆள் உயிர்காக்கும் படகின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான். கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேரே ஆவுடையப்பனிடம் வந்தார்.

"ஐயா, நான்தான் இந்தக் கப்பலோட கேப்டன். நான் சொல்லுகேன், நீங்க நாலு பேரும் இதைக் கழட்டணும்."

கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஆவுடையப்பன் குடும்பத்தை ஒரு தூண் பக்கம் கூட்டிப்போனார்.

"அவ்வளவு பெரிய மனுஷன் சொல்லுதாரு. கேக்கலாம்லா?" என்றாள் உலகம்மாள்.

"பெரிய மனுஷன்தான், யாரு இல்லன்னா. ஆனா அவரு என்ன வேலை பாக்காரு? வண்டி ஓட்டுதாரு. தென்காசி பஸ்ல டிரைவர் சொல்லி என்னைக்காவது நீ இறங்கியிருக்கியா? கண்டக்டர்லா விசில் கொடுக்கணும்."

"அப்ப அந்தத் தூத்துக்குடிப் பிள்ளைதான் கண்டக்டர்" என்றாள் செண்பகவல்லி.

திருமலைக்குமார் படித்தவன் அல்லவா, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பேசினான். "முறைப்படி பாத்தா, அத்தான், மாவுக்கட்டு போட்ட டாக்டர்தான் கட்டைப் பிரிக்கணும். வேற டாக்டர் பிரிச்சா எலும்பு சேராது."

நால்வரும் திரும்பி வந்தார்கள். ஆவுடையப்பன் மிகவும் மரியாதையாக, "நீங்க ஓட்டுற வேலையைப் பாருங்க சார். இது வேற இலாகா" என்றார்.

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, யார் சொன்னால் கழற்றுவீர்கள் என்று கேட்டார். பச்சைத் துணி கட்டிய பெண் என்றார்கள். ஆள் விட்டுத் தேடினால், ஜெனிட்டா கப்பல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கு வேலையில் அதுதான் முதல் பயணம். கப்பல் கிளம்பிய பத்தாவது நிமிஷத்திலிருந்து ஒரே வாந்தி. தலையைத் தூக்க முடியவில்லை. அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கேப்டனே தள்ளிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார்.

கூட்டம் வழி விட்டது. ஜெனிட்டா நாலு பேரையும் பார்த்தாள். நேற்று அவள் மாட்டிவிட்ட வார் ஒன்றுகூட இடம் மாறவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. அவள் பேச்சை வீட்டில்கூட இப்படி யாரும் கேட்டதில்லையாம்.

"கழட்டுங்க" என்றாள், ஈனக் குரலில்.

கழற்றினார்கள். அடுத்த நிமிஷம் ஆயிரத்து எண்ணூறு பேரும் கழற்றினார்கள். படகுக் கயிற்றை அவிழ்த்தவனைப் பிடித்து மறுபடி கட்ட வைத்தார்கள்.

அதன்பிறகு கப்பலில் ஒரு குழப்பமும் இல்லை. மூன்றாம் நாள் காலை உலகம்மாள் ஒரு மாலுமியிடம் நடுக்கடல் எங்கே என்று கேட்டாள். இப்போது நாம் இருப்பதே நடுக்கடல்தான் என்றான் அவன். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. நாலு பக்கமும் பார்த்தாள். எந்தப் பக்கமும் கரை இல்லை. சாயங்காலம்வரை அங்கேயே நின்றாள். அசைந்தால் நடு தவறிவிடும் என்று காப்பியைக்கூட ஆவுடையப்பன்தான் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ ஆசை தீர்ந்த முகத்தைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம். பக்கத்திலேயே தானும் அசையாமல் நின்றார்.

அன்றைக்கு அறையில் துண்டு நண்டாக இருந்தது. நண்டு எந்தச் சாமி என்று இரண்டு மணி நேரம் பேசியும் முடிவாகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சூடம் மட்டும் காட்டலாம் என்றாள் செண்பகவல்லி. கப்பலில் தீ மூட்டக் கூடாது என்று எழுதியிருந்ததால், கும்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

நாலாம் நாள் காலையில் கப்பல் நின்றது. முதலில் வெளியே பார்த்தது திருமலைக்குமார். கண்ணாடிச் சன்னலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். பிறகு அத்தானைத் தனியே கூப்பிட்டு, இது சென்னை என்றான்.

நால்வரும் போய் எட்டிப் பார்த்தார்கள். சென்னையேதான். ஏறின அதே இடம்.

மூன்று நாள் ராப்பகலாக ஓட்டியும், அந்தக் கேப்டன் வழி தவறிக் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கிறாரே என்று உலகம்மாள் அங்கலாய்த்தாள். கடலில் மைல்கல்லா இருக்கிறது, விசாரிக்க ஒரு டீக்கடைதான் இருக்கிறதா, அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றார் ஆவுடையப்பன். சுற்றிலும் மற்றவர்கள் சிரித்துப் பேசிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்கள் இன்னும் வெளியே பார்க்கவில்லை போலிருக்கிறது. தங்கள் வாயால் ஒன்றும் சொல்வதில்லை என்று நால்வரும் முடிவு செய்தார்கள்.

இறங்கும் வாசலில் கேப்டன் வெள்ளை உடுப்பில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். ஆவுடையப்பன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க சார். நாங்க யார்கிட்டயும் மூச்சு விடல."

கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என்ன விஷயம் என்று கேட்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. "ரொம்ப சந்தோஷம். நாலு பேரும் கண்டிப்பா மறுபடி வரணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

நால்வரும் பெட்டிகளோடு பாலம் இறங்கினார்கள். தரையில் கால் வைத்ததும் செண்பகவல்லி நின்றாள்.

"கண்டிப்பான்னு சொன்னாருலா?"

"நாலு பேரும்னும் சொன்னாரு" என்றாள் உலகம்மாள்.

எப்போது என்று சொன்னாரா என்று ஆவுடையப்பன் மச்சினனைக் கேட்டார். அவர் தேதி எதுவும் சொல்லவில்லை, தேதி போடாவிட்டால் உடனே என்றுதான் அர்த்தம் என்றான் பி.காம்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார்கள். இறங்கி வருகிற கூட்டத்துக்கு நடுவே, இடித்துக்கொண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் நால்வரும் எதிர்த்து ஏறினார்கள். கேப்டன் கடைசிப் பயணிக்குக் கை கொடுத்துவிட்டுத் திரும்பினார். முன்னால் ஆவுடையப்பன் கும்பிட்டபடி நின்றார்.

"வந்துட்டோம் சார். இந்தத் தடவை எந்த ஊருக்குப் போகணும், சொல்லுங்க. நான் முன்னால உக்காந்து வழி கேட்டுச் சொல்லுதேன்."