கெர்த்ரூத் அம்மாளுக்கு முளைத்த பங்காளி

கடலோரத்தில் ஆலங்கரை என்று ஒரு சின்னச் சீமை. அதை ஆண்ட கருடராயருக்கு ராஜ்யம் கையகலம், மீசையோ காது வரை. எதிரி வந்தால் படை ஓடும். ராஜாவும் மீசையை நீவிக்கொண்டே கூட ஓடுவார்.

அங்கே கெர்த்ரூத் என்ற ஜெர்மன் தேசத்து அம்மாள் ஒரு தென்னந்தோப்பு வைத்திருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். தான் எடுத்து வளர்த்த ரெபேக்காளுக்கே தோப்பு என்று ஊரறியச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். ஊரிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு அந்தத் தோப்பில்தான். ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஏதாவது வழி பார்க்கும்படி ஆஸ்தான வித்துவான் திருமேனிநாதரிடம் சொன்னார்.

வித்துவான் சபையில் எழுந்து தொண்டையைச் செருமினார். கெர்த்ரூத் என்பது சிதைந்த பெயராம். அசல் பெயர் கருடருத்திரியாம். ராஜாவின் முப்பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தாராம், கப்பலேறிப் போய் அந்தத் தேசத்தில் வம்சம் வளர்த்தாராம். ஆகவே செத்தவள் ராஜாவுக்குப் பங்காளி, தோப்பும் ராஜாவுக்கே.

ரெபேக்காள் சபை நடுவே வந்து நின்று, பெயரைப் பற்றி அம்மாள் தனக்குச் சொன்னதைச் சொன்னாள். அவர்கள் பாஷையில் கெர் என்றால் ஈட்டி, த்ரூத் என்றால் வலிமை. சண்டைக்குப் பேர்போன அந்தக் கால ஜனங்கள் பெண்பிள்ளைகளுக்கு வைத்த பெயர். பிறகு அதே பெயரில் ஒரு பெண் துறவி இருந்தாள். எலித்தொல்லை தீர அவளைத்தான் வேண்டுவார்கள். அப்படியே பெயர் வீட்டுக்கு வீடு பரவியது.

சபை சிரித்தது. ஈட்டியைக் கொண்டுபோய் யாராவது பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பார்களா என்று வித்துவான் கேட்டார். அவர் குடியிருந்த தெருவிலேயே நாலு வேலம்மாள்கள் இருந்தார்கள். மறுநாளே தோப்பைக் கைப்பற்ற உத்தரவாயிற்று.

மறுநாள் காலை விகடகவி உடையாண்டி சபைக்கு வந்தான். பின்னாலேயே நாவிதர் மருதப்பன், கையில் தண்ணீர்க் கிண்ணமும் கத்தியும்.

"இது என்னடா?" என்றார் ராஜா.

"இன்னைக்கு அம்மாளுக்குக் கருமாதி, மகாராஜா. மூத்த பங்காளி சாவு. தலையும் மீசையும் எடுக்காம தோப்புல காலை வைக்கலாமா?"

"அவங்க சிலுவை கும்பிடுற வேதக்காரங்கடா. அவங்களுக்கு ஏது இந்த வழக்கம்?"

"அவங்க வேதக்காரங்க. நீங்க இல்லையே, மகாராஜா."

மருதப்பன் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். ராஜாவின் கை தானாக மீசைக்குப் போயிற்று. இன்னொரு தரம் நன்றாக யோசித்துப் பாரும் என்று வித்துவானிடம் சொன்னார்.

வித்துவான் ராஜாவின் முகத்தைப் பார்த்தார். தன் குடுமியையும் ஒரு தரம் தடவிக்கொண்டார். யோசிக்க யோசிக்க ஈட்டிதான் பொருத்தமாகப் படுகிறது என்றார். வலிமையும் பொருத்தமே என்றார். யாரும் கேட்காமலே, அந்த எலிகூடச் சரிதான் என்றார்.

தோப்பு ரெபேக்காளுக்கே என்று ராஜா அவசரமாகத் தீர்ப்புச் சொன்னார். கத்தி உறைக்குள் போனதும் அவருக்குத் தெம்பு வந்தது.

"ஏண்டா, நேத்து நம்ம வம்சத்துல இருந்த பேரு இன்னைக்கு எப்படிடா ஜெர்மன் தேசத்துக்குப் போச்சு?"

"ஆயிரம் வருஷமா எத்தனையோ சண்டையைப் பார்த்த பேரு, மகாராஜா. எதுக்கும் பயந்ததில்ல. உங்க மீசையைப் பார்த்ததும் ஒரே ஓட்டமா ஊர் போய்ச் சேர்ந்துடுச்சு."

ராஜா அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார். விழுந்து விழுந்து சிரித்து, தன் பட்டுச் சால்வையை உடையாண்டிக்குப் போர்த்தினார்.