மேகம் கறுத்த நாள் பேசிய கூலி

"பறிக்கிறவன் நான்தான்னு ஊரே சொல்லுது, தாயே. இன்னைக்கு வந்து பாருங்க, யார் யார்கிட்ட பறிக்கிறாங்கன்னு."

ஆதிலிங்கம் மடத்து வாசலில் நின்று சொன்னான். பெரிய உப்பளக்காரன். மடத்தை நடத்தும் பூரணத்தம்மையை விடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் ஏதாவது உறுத்தினால் அவரிடம்தான் வருவான்.

அம்மை முற்றத்து விறகை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். கடல் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது.

அவனும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். நடந்தபடியே நடந்ததைச் சொன்னான்.

பாத்தியெல்லாம் உப்பு விளைந்து நிற்கிறது. மழைக்கு முன்னால் வாரி மேடேற்றாவிட்டால் அத்தனையும் கரைந்துவிடும். ஆட்கள் காலையில் வந்தார்கள். உப்பு வாரும் பலகையைத் தொடவில்லை. இரண்டு மடங்கு கூலி தந்தால்தான் இறங்குவோம் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பேசின கூலி ஒண்ணு, கேட்கிறது ஒண்ணு. இது நியாயமா?"

"அந்தக் கூலியை எப்போ பேசினீங்க?"

"போன கார்த்திகையில."

"அப்போ அளத்துல வேலை இருந்ததா?"

"அடைமழையில ஏது வேலை? வீட்டுல உலை வைக்க வழியில்லைன்னு அவங்களாத்தான் வந்தாங்க. முன்பணம் கொடுத்தேன். வருஷம் முழுக்க இதுதான் கூலின்னு பேசி முடிச்சேன்."

"கூடக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இஷ்டம் இருந்தா வாங்க, இல்லைன்னா போங்கன்னேன்."

"போனாங்களா?"

"எங்கே போவாங்க?"

அம்மை விறகை அடுக்கினார்.

ஆதிலிங்கம் கதவு வழியே வானத்தைப் பார்த்தான். காற்றில் ஈரம் ஏறியிருந்தது. அளத்தை விட்டு அவனால் வேறெங்கும் போக முடியாது. கையில் இருந்த விறகை அடுக்கின் மேல் வைத்தான்.

பிறகு மெல்லச் சொன்னான்.

"புரியுது, தாயே. கேட்டதைக் கொடுத்துடறேன்."

அம்மை தலையசைத்தார். அவன் கும்பிட்டுவிட்டு வேகமாக வெளியே வந்தான். மனசு லேசாகிவிட்டது போலிருந்தது. செருப்பில் கால் நுழைத்தபோது உள்ளேயிருந்து அம்மையின் குரல் வந்தது.

"ஆதிலிங்கம், இன்னைக்கு உங்களுக்கு வேற வழியில்லை, கொடுக்கிறீங்க. வர்ற கார்த்திகையில எவ்வளவு கொடுப்பீங்க?"

ஒரு காலில் மட்டும் செருப்போடு அவன் வாசலில் நின்றான்.