பூஜ்யத்தில் நின்ற முள்

"இந்த மெஷின்ல பேய் இருக்கு மேடம்," என்றார் குலசேகரன்.

ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை. குலசேகரனைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் அந்த மைக்ரோவேவ் சோதனைக்கூடத்தில் அவர்தான் குரு. குலசேகரன் ஐம்பதுக்கு மேல் தொழில் படிக்க வந்த சீடர்.

"என்ன செஞ்சுது?"

"முள்ளு பூஜ்யத்துலயே நிக்கி. சிக்னலே போகலன்னு காட்டுது. ஆனா அந்தப் பக்கம் மாட்டியிருந்த ஆம்ப்ளிஃபையர் கருகிப்போச்சு. நான் எதையும் திருகவே இல்ல. தானா பவரை ஏத்தியிருக்கு!"

கருகல் நாற்றம் இன்னும் போகவில்லை. முள்ளோ ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பூஜ்யத்தில் நின்றது.

"மக பேசுனாளா?" என்றார் ரெஜினா.

குலசேகரனின் முகம் வாடிவிட்டது. ஒரே மகள், தாயில்லாப் பெண். சாயங்கால ரயிலுக்குப் பெட்டி கட்டிவிட்டாள். திரும்பி வருவாளா மாட்டாளா, அதைக்கூடச் சொல்லவில்லை.

"எங்க பேசுதா? செவுரு மாதிரி நிக்கா. சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்துனதுதான் மிச்சம்."

"வாங்க அண்ணாச்சி."

கூடத்தின் கோடியில் ஓர் அறை. போன சிக்னல் எதிலும் பட்டுத் திரும்பக் கூடாதென்று சுவர், கூரை, கதவு எங்கும் கறுப்புப் பஞ்சுக் கூம்புகள். உள்ளே போனால் சத்தமும் செத்துவிடும். தனியாகப் போக ஆட்களுக்குப் பிடிக்காது.

"அவகிட்ட சொல்றதை இங்க சொல்லுங்க."

விளக்கு அணைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

"வேணி," என்றார் குலசேகரன்.

குரல் வாயைத் தாண்டவில்லை. அப்படியே யாரோ விழுங்கிவிட்டார்கள்.

"வேணி! நான் சொல்றதைக் கேளு!"

ஒன்றுமில்லை. நெஞ்சு அடிப்பதுதான் காதுக்குள் கேட்டது. பயம் பிடித்துக்கொண்டது. கத்தினார். உனக்காகத்தானே எல்லாம் என்றார், என்ன குறை வைத்தேன் என்றார், போனால் போ என்றார், போகாதே என்றார். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டதுபோல் இருந்தது. சீ, பிரமை என்று இன்னும் உரக்கக் கத்தினார்.

விளக்கு எரிந்தது.

ஒரு முழம் தள்ளி ரெஜினா நின்றுகொண்டிருந்தார்.

"அய்யோ! எப்ப வந்தீங்க?"

"நான் போகவே இல்லையே. நீங்க கத்தக் கத்த பதில் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்."

"பதிலா?"

"என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"என் சத்தந்தான் கேட்டுது மேடம்."

இருவரும் மேஜைக்குத் திரும்பினார்கள். முள் இன்னமும் பூஜ்யத்தில்தான்.

"இந்த மெஷின் எப்படி அண்ணாச்சி ஒரே அளவா அனுப்புது?"

படித்த பாடம்தான். கடகடவென்று சொன்னார். "போற சிக்னல்ல ஒரு துளியை அந்த முனையில இருக்க டிடெக்டர் எடுத்து, ஒரு சின்ன வயர் வழியா மெஷினுக்குத் திருப்பிச் சொல்லும். அதைத்தான் முள்ளு காட்டும். பலம் கூடிட்டா மெஷின் குறைச்சுக்கும். குறைஞ்சா ஏத்தும்."

"திரும்பி ஒண்ணுமே வரலன்னா?"

"பத்தல, பத்தலன்னு ஏத்திக்கிட்டே..."

குலசேகரன் நிறுத்தினார். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

சின்ன வயர் எதிலும் மாட்டாமல் தொங்கியது. கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று காலையில் அவரே கழற்றி விட்டது.

அதைக் கையில் எடுத்தார்.

"எப்ப கழட்டுனீங்க?" என்றார் ரெஜினா.

குலசேகரன் வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ அம்மா செத்த அன்னைக்கு," என்றார்.