முதல் கை நீர்

கடலுக்கு ஒரு கரையும், கரைக்கு ஒரு ராஜாவும் இருந்த காலத்தில் நடந்தது இது. காது கொடுத்துக் கேளுங்கள்.

ஆழிப்பாக்கம் என்ற ஊரில் சேந்தன் என்று ஒருவன் முத்துக்குளித்துப் பிழைத்து வந்தான். அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் ராஜாவின் தோட்டத்து ஊற்றில் இருந்தது. அதைச் சுற்றி வேலியும் இருந்தது. அதனால் பெண்கள் வெளியூருக்கு அரைக் காதம் நடந்து குடிநீர் சுமந்தார்கள். அப்படிச் சுமந்து வந்த வழியில்தான் சேந்தனின் மனைவி பூதி வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தாள். அதை அவனால் மறக்க முடியவில்லை. எப்படி முடியும்?

ஒரு நாள், ராஜாவின் புதுக் கோயிலுக்கு வந்த வெண்கல மணி படகு கவிழ்ந்து கடலுக்குள் போயிற்று. குடமுழுக்குக்கு மூன்றே நாள் இருந்தது. மணியை எடுத்துத் தருபவன் கேட்டதைத் தருவேன் என்று ராஜா பறையறைவித்தார்.

"ஊற்றைக் கேட்பேன்" என்றான் சேந்தன்.

முத்துக்குளிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குபவனின் இடுப்புக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் படகில் இருந்து பிடிக்க வேண்டும். அக்காள் தாலி மேல் அவனைவிட யாருக்கு அக்கறை? சேந்தனின் கயிற்றைப் பிடித்தவன் பூதியின் தம்பி அழிசி.

முதல் நாள் சேந்தன் இருபது முறை மூழ்கினான். சோறு தின்னவில்லை. மணி கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் முப்பது முறை மூழ்கினான். காதில் ரத்தம் வந்தது; துடைத்து மறைத்தான். கடைசி முழுக்கில் மணியைக் கண்டான், தொட்டும் விட்டான். ஆனால் கயிறு கட்ட விரல் மடங்கவில்லை. மூச்சும் இல்லை. அரை உயிராய் வெறுங்கையோடு மேலே வந்தான்.

மூன்றாம் நாள் விடிந்ததும் படகில் ஏறினான். அழிசி கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

"இறக்குடா."

"மாட்டேன் அத்தான். கஞ்சி குடிச்சுட்டுப் படுங்க."

"இன்னிக்கு விட்டா ஊத்து போச்சுடா!"

"நீங்க போயிட்டாலும் ஊத்து போச்சு. கயிறு என் கையில இருக்கு. மூச்சு உங்ககிட்டதானே இருக்கணும்?"

கரையில் கூடியிருந்த ஊர் ஏசியது. "ஊரே தாகத்தில தவிக்குது, இவனுக்குத் தூக்கம் கேக்குதா?" ஊர்த்தலைவர் படகுவரை நீந்தி வந்தார். "அவன் கிடக்கான் சேந்தா. கயிறை நான் பிடிக்கிறேன், இறங்கு" என்றார்.

இதுதான் சோதனை, நன்றாகக் கவனியுங்கள். ஏச்சுக்கு அஞ்சிக் கடலில் குதிப்பது எளிது. ஏச்சைக் கேட்டுக்கொண்டே படுப்பதுதான் கஷ்டம்.

சேந்தன் தன் கைகளைப் பார்த்தான். விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இந்தக் கையால் எப்படி முடிச்சுப் போடுவேன் என்று நினைத்தான். "அழிசியே பிடிக்கட்டும்" என்று தலைவரிடம் சொன்னான். கஞ்சியைக் குடித்தான். படகுக்குள்ளேயே படுத்துக் கண்ணை மூடினான்.

வெயில் உச்சிக்கு ஏறியது, அவன் தூங்கினான். உச்சி சாய்ந்தது, அப்போதும் தூங்கினான். கரையில் ஏசி ஏசி வாய் ஓய்ந்து போனார்கள். பூதி மட்டும் சூரியனைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் சேந்தன் எழுந்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ஒரே ஒரு முறை மூழ்கினான். விரல்கள் சொன்னபடி மடங்கின. கையோடு கொண்டுபோன இன்னொரு கயிற்றால் மணியின் வளையத்தில் மூன்று முடிச்சு போட்டு, இடுப்புக் கயிற்றை அசைத்தான். அழிசி அவனை இழுத்தான். பிறகு ஊரே சேர்ந்து மணியை இழுத்தது.

மறுநாள், சேந்தன் கேட்டபடியே, ஊற்றின் வேலி விழுந்தது. முதல் குடத்தோடு இறங்கியவள் பூதி. அவள் குனிந்தாள். தாகத்தோடு வரிசையில் நின்றவர்கள் பார்த்திருக்க, ஒரு கை நீரை அள்ளித் தானே குடித்தாள். பிறகுதான் குடத்தை முக்கினாள். அன்று முதல் அந்த ஊரில் முதல் கை நீர் இறைப்பவர்க்கு, பிறகே குடத்துக்கு.

தன்னைப் பேணிக் காப்பவனுக்கே எடுத்த காரியத்தை முடிக்கும் வலிமை உண்டு.