கழுத்து திரும்பாத ஆட்டக்காரன்

கீரியின் கட்சியில் ஒரு ஆள் குறைந்துபோனது. இனி ஓட முடியாது என்று உடும்பு விலகிக்கொண்டது.

கோடை பிறந்தால் அந்தக் காட்டில் விளாங்காய் ஆட்டம் நடக்கும். கட்சிக்கு ஐந்து பேர். காயை எதிர்க்கட்சியின் எல்லையான புற்றுவரை உருட்டிக்கொண்டு போகவேண்டும். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் அந்தக் கோடை முழுக்கக் குளத்தின் நிழல் கரை. தோற்றால் வெயில் கரை.

உடும்பின் இடத்துக்கு மரங்கொத்தி ஒரு ஆளைச் செய்தது. தேக்குக் கட்டையில் கொத்திக் கொத்தி, தானே யோசித்துத் தானே ஓடும் மர ஆட்டக்காரன்.

முதல் ஆட்டத்தில் மந்திகளிடம் தோற்றார்கள். மர ஆட்டக்காரன் நன்றாகத்தான் ஓடினான். ஆனால் நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று, கழுத்தைத் திருப்பி, தன் கட்சிக்காரர்கள் எங்கே என்று பார்த்தான். அதற்குள் காய் போய்விட்டது.

"என்னப்பா, ஆடச் சொன்னா இவன் வேடிக்கை பார்க்குறான்?" என்றது கீரி.

"நம்ம ஆளுங்க மேல மோதிடக் கூடாதுன்னு அப்படிப் பழக்கினேண்ணே," என்றது மரங்கொத்தி.

"மந்திங்க சிரிக்கிறது உனக்குக் கேட்கலையா? காயை மட்டும் பார்க்கச் சொல்லு."

கட்சியிலேயே சின்னது சருகுமான். அது மெல்லக் கேட்டது. "அண்ணே, நான் குறுக்கே வந்தா அவனுக்குத் தெரியுமா?"

"நீ ஏன் குறுக்கே வர்றே? தள்ளி ஓடு," என்றது கீரி.

மரங்கொத்திக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் மரக்கழுத்தில் பிசின் ஊற்றி இறுக்கிவிட்டது.

இரண்டாம் ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவதில், புற்றுக்கு நாலு முழம் இருக்கும்போது காய் ஒரு வேரில் சிக்கியது. அதை எடுத்துவிடச் சருகுமான் குனிந்தது. பின்னால் மர ஆட்டக்காரன் வந்தான்.

"நில்லு, நான்தான்!" என்று அது கத்தியது.

அவன் காயை மட்டுமே பார்த்தான்.

ஆட்டம் ஜெயித்தார்கள். சருகுமானின் பின்னங்கால் ஒடிந்தது.

கால் கூடவேண்டும் என்று மரங்கொத்தி தினமும் விடியலில் சாமியை வேண்டிக்கொண்டது. கால் கூடியது, கோணலாக. சருகுமான் துள்ளி ஓடியதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் நிழல் கரையில் உட்கார்ந்து மரங்கொத்தி அந்தப் பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"இனிமே சுரண்டி என்ன ஆகப் போகுது? சொன்னது நான்," என்றது கீரி, தலை தூக்காமல்.

"நீங்க சொன்னீங்க. தப்புன்னு தெரிஞ்சே செஞ்சது நான்."

பக்கத்தில் படுத்திருந்த சருகுமான் கோணல் காலை இழுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனது.

பலர் கூடிச் செய்கிற காரியத்தில், கூட இருப்பவரைத் திரும்பிப் பார்க்கும் நேரத்தை வீண் என்று ஒழித்துவிட்டால், ஜெயித்த பிறகு வருத்தம்தான் மிஞ்சும்.