சரிவில் நின்ற பலகை

வெகுகாலம் ஆகவில்லை. ஆப்பிரிக்காவில், பாலைவனத்துக்குத் தெற்கே, ஒரு வறண்ட சரிவில் பெயர்ப்பலகை ஒன்று நின்றது. ‘விளைச்சல் பெருக்கும் திட்டம் – மூன்றாம் கட்டம்’ என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. முதல் இரண்டு கட்டங்களின் பலகைகள் பக்கத்திலேயே துருப்பிடித்துக் கிடந்தன. பலகையைச் சுற்றி ஒரு கம்பிவேலி உண்டு. திட்டம் என்று கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வேலியை ஒட்டி அசெத்தாவின் நிலம். ஒவ்வொரு மழையும் அவள் விதையையும் மண்ணையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகும். இந்த முறையும் போனால் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அதனால் அவளும் ஊர்ப் பெண்களும் தலையில் கல் சுமந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் பதித்தார்கள்.

“யாரைக் கேட்டு இங்கே வந்து உட்கார்ந்தீர்கள்?” என்றது பலகை.

“சரிவைக் கேட்டு,” என்றது ஒரு கல்.

“நிபுணர் யாராவது பார்த்தாரா?”

“வண்டியைவிட்டு இறங்கினால்தானே பார்ப்பதற்கு!”

பக்கத்து நிலத்துத் தெனே கேட்டாள்: “அக்கா, வேலிக்குள்ளேயும் நாலு கல் போட்டுவிடலாமா?”

“அதற்கு அனுமதி வாங்க வேண்டுமாம். மழை அதுவரை காத்திருக்குமா?” என்றாள் அசெத்தா.

மழை வந்தது. தலைதெறிக்க ஓடிவந்த வெள்ளம் கல்வரிசையில் முட்டிக்கொண்டது.

“வழி விடு!”

“விடுகிறோம். மண்ணை வைத்துவிட்டு மெதுவாகப் போ,” என்றன கற்கள்.

வெள்ளம் முணுமுணுத்துக்கொண்டே நிலத்துக்குள் இறங்கியது.

வேலிக்குள் அதை நிறுத்த ஆளில்லை. “முதலில் என்னைப் படி!” என்று பலகை அதட்டியது. வெள்ளம் அதன் காலடி மண்ணை வாரிக்கொண்டு போனது. பலகை குப்புற விழுந்தது.

அறுவடைக்கு அதிகாரிகள் வந்தார்கள். ஆளுயரச் சோளத்தைக் கண்டு அசந்துபோனார்கள். பலகையைத் துடைத்து, அசெத்தாவின் நிலத்தில் நட்டு, படம் எடுத்துக்கொண்டார்கள்.

“அம்மா, திட்டத்தால் பயன் கிடைத்ததா?”

“இன்னும் இல்லை, ஐயா,” என்றாள் அசெத்தா.

வண்டி மறைந்ததும் பலகையைப் பிடுங்கினாள். “நல்ல தகரம், அக்கா,” என்று தெனே தட்டிப் பார்த்துச் சிரித்தாள். எழுத்து கீழே போகும்படி அதைக் கற்களின்மேல் கிடத்தி, சோளக் கதிர்களைக் குவித்துக் காயப்போட்டார்கள்.

“ஐயோ, முதுகில் என்ன இது, இவ்வளவு பாரம்?” என்று முனகியது பலகை.

அடியிலிருந்த கல் சொன்னது: “உன் நெற்றியில் எழுதியிருந்ததே, அதுதான்.”