சிறுத்தைக்குப் பக்கத்துக் கொட்டில்

விடை தெரிந்துவிட்டது என்று பாதியில் குறுக்கிடாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நெடுங்கரைப் பாளையத்தில் மேலைக் குதிரைக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டவள் மாடத்தி. பால்குடி மறந்த குதிரைக்குட்டி ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. அதே மாதம் பிறந்த இன்னொரு குட்டி கீழைக் கொட்டிலில் அவள் தங்கை பூவாயியிடம் வளர்ந்தது. இரண்டுக்கும் ஒரே தகப்பன், ஒரே அளவு கொள்ளு, ஒரே புல். பூவாயியின் குட்டி, உயரம் அளக்கக் கல்தூணில் கீறிய கோட்டைத் தாண்டிவிட்டது. மாடத்தியின் குட்டியோ ஒரு சாண் குறைவாகவே நின்றது.

பாளையக்காரர் தூணைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். "கொள்ளைத் தின்னது குட்டியா, நீயா?"

"ஒரு பிடி எடுத்திருந்தா இந்தக் கை அழுகிப் போகட்டும், மகாராசா."

"அழுகுற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? மூணு மாசம் தர்றேன். குட்டி கோட்டைத் தொடலேன்னா இந்த வாளாலேயே வெட்டிடலாம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

தீவனம் அளக்கும் கொம்பையா இரக்கப்பட்டு, தினமும் இரண்டு படி கொள்ளு கூட்டிப் போட்டார். வைத்தியர் உலகநாதர், முதலிலிருந்தே கொடுத்துவந்த எலும்புப் பொடியை இரட்டிப்பாக்கினார். குட்டி வளரவில்லை.

மேலைக் கொட்டிலின் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூண்டு. அதில் பாளையக்காரர் குழிவெட்டிப் பிடித்த சிறுத்தை இருந்தது. அது சுவரில் முதுகைத் தேய்க்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் குட்டியின் காதுகள் அந்தப் பக்கம் திரும்பி விறைத்து நிற்கும். இந்தக் கொட்டிலுக்கு வந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூடப் படுத்ததில்லை. ஒரு நண்பகலில் அதன் தோளில் கை வைத்தாள். தோல் வியர்த்து, துடித்துக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் அவளுக்குப் புதிதல்ல. வாளைப் பற்றிக் கேட்ட நாள் முதல் அவள் தொடையிலும் அதுவேதான்.

"கூண்டை வேற பக்கம் வைக்கச் சொல்லலாமா?" என்று கொம்பையாவிடம் கேட்டாள்.

"மகாராசாகிட்டயா? வாயை மூடிக்கிட்டு இரு தாயீ."

உத்தரவில்லாமல் குதிரையைக் கொட்டிலுக்கு வெளியே கொண்டுபோனாலும் கைதான் போகும். ஆனாலும் மறுநாள், காவலர் சாப்பிடப் போன நேரத்தில், வடக்கு மதிலோரம் பாழடைந்து கிடந்த களஞ்சியத்துக்குக் குட்டியை ஓட்டிச் சென்றாள். காலிக் கொட்டிலின் வாசலில் பாயைத் தொங்கவிட்டு, "சொறி பிடிச்சிருக்கு, ஒட்டிக்கும்" என்று சொல்லிவைத்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கொள்ளையும் பொடியையும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அவள் சுமந்து சென்றாள். வழியில் இருமல் சத்தம் கேட்டால்கூடச் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வாள்.

இரண்டு நாள் குட்டி நின்றுகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் முன்னங்கால்களை மடக்கிச் சாய்ந்தது; கழுத்தை நீட்டிக் கண்ணை மூடியது. செத்தே போயிற்றென்று பதறி, மூக்கருகே கன்னத்தை வைத்தாள். மூச்சு சூடாக வந்தது. தூங்கியிருந்தது.

கூட்டிப் போட்ட கொள்ளை அது தொடவில்லை. பழைய அளவே தின்றது. பொடியைப் பழையபடி பாதி விழுங்கிப் பாதி துப்பியது.

மூன்று மாதம் முடிந்தது. தூணருகே நிறுத்தினார்கள். கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை!

"நான் கூட்டிப் போட்ட கொள்ளு" என்றார் கொம்பையா.

"என் பொடி" என்றார் வைத்தியர்.

பாளையக்காரர் சிரித்தார். "ரெண்டும் இல்ல. என் வாள். பயம் இருந்தாத்தான் எதுவும் வளரும்." அங்கேயே அடுத்த உத்தரவும் பிறந்தது. இன்னொரு சின்னக் குட்டி மேலைக் கொட்டிலுக்கு வரும், பார்த்துக்கொள்பவள் பூவாயி, அதே கோடு, அதே வாள்.

வாயைத் திறந்தால் மாடத்தியின் கை போகும். திறக்காவிட்டால் தங்கையின் கை. மாடத்தி முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். களஞ்சியத்தை, பாயை, சொறிப் பொய்யை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பாளையக்காரரின் கை வாளுக்குப் போயிற்று.

இப்போது சொல்லுங்கள்: குட்டியை வளர்த்தது யார்? கொள்ளா, பொடியா, வாளா, மாடத்தியா?

விடை: கொள்ளும் பொடியும் முன்பும் இருந்தன, வளர்ச்சி இல்லை. வாளின் பயம் குட்டிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது சிறுத்தையின் பயம் ஒன்றே. அச்சம் வந்தால் உடலுக்குள் ஒரு நீர் சுரக்கும். ஒரு கணம் சுரந்தால் ஓடித் தப்பலாம். நாள்தோறும் சுரந்தால், இளம் எலும்பு நீள்வதை அது தடுத்துவிடும். வளர்ந்தது குட்டியின் எலும்பு, தன் பாட்டில். மாடத்தி தடையை விலக்கினாள். பெருமை அவளுக்கே உரியது. சிறுத்தைதான் காரணம் என்று அவள் சொன்னதைப் பாளையக்காரர் நம்பாமல், வெட்டும் முன் சோதித்துப் பார்க்க அந்த மேலைக் கொட்டிலுக்குள் ஒரு முழுப் பகல் உட்கார்ந்தார். வெளியே வந்தவர் அன்று சாப்பிடவில்லை. மாலைக்குள் கூண்டு மதிலுக்கு வெளியே போயிற்று. மாடத்தியின் கைகள் தப்பின. குட்டி எல்லாவற்றையும் மறந்து ஓடித் திரிந்தது. அவள் கைகள் மட்டும், கொள்ளு அளக்கும்போது, நெடுநாள் நடுங்கிக்கொண்டிருந்தன.